புது வீட்டுக்கு ஸ்மார்ட் ஹப்: கம்பெனிப் பெட்டியா, திறந்த தரமா?

தில்லைநகர் பாலா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். தரைத்தளமும் முதல் மாடியும் கான்கிரீட் முடிந்துவிட்டது. அடுத்து சுவரில் கட்டிங் அடித்து எலக்ட்ரிக்கல் பைப் போடும் வேலை. லைட், ஃபேன், ஏசி, கேட், தண்ணி மோட்டார் எல்லாவற்றையும் போனிலிருந்தும் இயக்க வேண்டும் என்று ஆசை.

ஒரு டீலர் வந்து பார்த்தார். சுவிட்ச், ஹப் (எல்லாவற்றுக்கும் உத்தரவு தரும் நடுப் பெட்டி), ஆப் எல்லாமே ஒரே கம்பெனியுடையது என்று மொத்தமாகக் கொட்டேஷன் கொடுத்தார். சாம்பிள் போர்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவரிடம் ஒன்று கேட்டேன்: "நாளைக்கு இந்த ஹப் கெட்டுப்போய், உங்கள் கம்பெனியும் இல்லை என்றால், வேறு யாருடைய ஹப்பாவது வாங்கி வைத்து இந்த சுவிட்சுகளை ஓட்ட முடியுமா?" அதற்கு அவர், "கெடாது சார், கெட்டால் நாங்களே மாற்றித் தருவோம்" என்றார். நான் கேட்டது அது இல்லையே.

திறந்த தரத்தில் (எந்தக் கம்பெனியும் பின்பற்றக்கூடிய பொது விதிகளில்) கேட்வே, அதாவது வீட்டுச் சாதனங்களை இணையத்தோடு இணைக்கும் பெட்டி, வைக்கலாம் என்று இந்தத் தளத்தில் பலர் எழுதியதைப் படித்தேன். மேட்டர், ஜிக்பீ, த்ரெட், கேஎன்எக்ஸ், ஹோம் அசிஸ்டன்ட் என்று பெயர்கள் வருகின்றன. எது எதற்கு என்று பிடிபடவில்லை. வீட்டில் அம்மா இருக்கிறார், அவருக்கு ஆப் எல்லாம் ஆகாது. நெட் இல்லாவிட்டாலும் லைட் எரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜாவா ஜெயந்தி

பாலா, நீங்கள் டீலரிடம் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்கு நேரடியாக "முடியும்" என்று எழுதித் தராத எந்தக் கொட்டேஷனிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தப் பிரச்சினை இன்று நேற்று வந்தது இல்லை. 1999 மார்ச்சில் சன், ஐபிஎம், எரிக்சன் போன்ற கம்பெனிகள் சேர்ந்து ஓஎஸ்ஜிஐ என்ற அமைப்பைத் தொடங்கியதே வீட்டு கேட்வேக்காகத்தான். வீட்டுக்கு ஒரு பெட்டி. அதற்கு ஒரு பக்கம் இணையம், மறு பக்கம் வீட்டுச் சாதனங்கள். பெட்டிக்குள் ஜாவா ஓடும். மின்சாரம் தருபவர் மீட்டர் பார்க்க ஒரு சிறு மென்பொருளை அனுப்புவார், செக்யூரிட்டி கம்பெனி அலாரத்துக்கு இன்னொன்றை அனுப்பும். பெட்டியை நிறுத்தாமலே ஒன்றை ஏற்றலாம், இன்னொன்றைக் கழற்றலாம், புதுப்பிக்கலாம். 2000-ல் முதல் பதிப்பு வந்தது. நான் தினமும் வேலை செய்வது இந்தக் கட்டமைப்பில்தான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: அந்த வடிவமைப்பு இன்றைக்கும் நன்றாக நிற்கிறது. 2004-ல் எக்லிப்ஸ் 3.0 என்ற நிரல் எழுதும் கருவி இதன் மேல் கட்டப்பட்டது. பிறகு பெரிய சர்வர் மென்பொருள்களுக்குள்ளும் போனது. எந்த வீட்டுக்காகத் தொடங்கினார்களோ அந்த வீட்டுக்குத்தான் வந்து சேரத் தாமதமானது. 2010-ல் ஜெர்மனியில் காய் க்ராய்ட்சர் ஓப்பன்ஹாப் என்ற இலவச வீட்டு மென்பொருளைத் தொடங்கிய பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் ஓஎஸ்ஜிஐயை வீட்டில் சும்மா இறக்கி ஓட்ட முடிந்தது.

ஏன் தாமதம்? என் கணிப்பில் இரண்டு காரணம். பெட்டிக்குள் மென்பொருள்கள் எப்படிக் கூடி வாழ வேண்டும் என்று ஓஎஸ்ஜிஐ தெளிவாகச் சொன்னது. பெட்டிக்கும் பல்புக்கும் நடுவே என்ன பேச வேண்டும் என்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டது. 2004-ல் ஐஎஸ்ஓ/ஐஇசி 15045 என்று வீட்டு கேட்வேக்கு ஒரு சர்வதேசத் தரமும் வந்தது. கடையில் பல்பு வாங்குகிறவருக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அந்தப் பெட்டியின் சாவி சேவை தரும் கம்பெனியின் கையில் இருக்கும் என்று வைத்துத்தான் எல்லோரும் திட்டம் போட்டார்கள். வீட்டுக்காரர் வெறும் சந்தாதாரர்.

சாவி கம்பெனியிடம் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. ரிவால்வ் என்ற ஹப் 300 டாலர், ஆயுள் சந்தா இலவசம் என்று விற்றார்கள். கூகுள் குழுமத்தின் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15-ல் சர்வரை அணைத்தார்கள், பெட்டி அன்றோடு செத்தது. அமெரிக்காவின் லோஸ் கடைக்காரர்கள் விற்ற ஐரிஸ் ஹப்பின் சேவை 2019 மார்ச் 31-ல் நின்றது. அவர்கள் போகும்போது மூலநிரலை ஆர்கஸ் என்ற பெயரில் திறந்து விட்டுப் போனார்கள், அதற்காக அவர்களுக்கு என் மரியாதை. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கம்பெனி ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை அணைத்தது. அந்த நேரத்தில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைத் தங்கள் கணினியில் வைத்து ஹப்போடு வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர்களின் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஆப்பை மட்டும் நம்பியவர்கள் திண்டாடினார்கள். ஜூன் மாதம் வாடிக்கையாளர்களே சேர்ந்து கம்பெனியை வாங்கி மறுபடி ஓட்டினார்கள் என்பது தனிக் கதை.

ஆகவே பாலா, எந்தத் தரம் என்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: உத்தரவு கொடுக்கும் மூளை என் வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

ஃபைபர்காரன்

ஜெயந்தி மேடம் சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் "சாவி கம்பெனியிடம் இருப்பது தப்பு" என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. நான் பிராட்பேண்ட் இணைப்புகள் கொடுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். தினமும் வருகிற புகார்களில் பாதி, யாரோ வீட்டில் மோடத்தின் பின்னால் இருக்கும் பட்டனை அழுத்தி ரீசெட் செய்தது, வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மறந்தது, இந்த மாதிரிதான். நாங்கள் இருந்த இடத்திலிருந்தே அதைச் சரிசெய்ய முடிவதற்குக் காரணம் டிஆர்-069. மோடத்தைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க 2004-ல் வந்த தரம் அது. அதுவும் திறந்த தரம்தான், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது இல்லை என்றால் ஒவ்வொரு புகாருக்கும் ஆள் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பாலாவின் அம்மா மாதிரி எத்தனை பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். அவர்கள் வீட்டு கேட்வேயை யார் புதுப்பிப்பது? பாதுகாப்பு ஓட்டையை யார் அடைப்பது? "உன் பெட்டி, உன் சாவி, உன் பாடு" என்று சொல்வது இந்தத் தளத்தில் இருக்கிற நமக்குச் சரி. எல்லோருக்கும் சரியா?

இன்னொன்று. பழைய டிஆர்-069-ல் பெட்டிக்கு ஒரே எஜமானர்தான். 2018-ல் வந்த டிஆர்-369-ல், யூசர் சர்வீசஸ் பிளாட்ஃபார்ம் என்று அதற்குப் பெயர், ஒரே பெட்டியைப் பல கன்ட்ரோலர்கள் நிர்வகிக்கலாம். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று பிரித்துக் கொடுக்கலாம். கம்பெனிக்கு லைன் பார்க்கும் உரிமை, வீட்டுக்காரருக்கு மற்றதெல்லாம் என்று வைக்க முடியும். தொழில்நுட்பம் அதற்குத் தயாராக இருக்கிறது. அதையும் கணக்கில் எடுங்கள்.

முனிச் முகில்

ஃபைபர்காரன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொலைவிலிருந்து சரிசெய்யும் வசதி யாருக்கும் வேண்டாம் என்று இல்லை. ஆனால் அந்த வசதி வீட்டுக்காரரின் சம்மதத்தில் இருக்க வேண்டும், லைன் எடுத்ததற்காக அவர் தலையில் கட்டப்படக் கூடாது. நான் இருக்கும் ஜெர்மனியில் இது ஒரு பெரிய சண்டையாகவே நடந்தது. முன்பு கேபிள் கம்பெனிகள் "எங்கள் ரவுட்டர்தான் போட வேண்டும்" என்று கட்டாயப்படுத்தின, பலர் லாகின் விவரத்தைக்கூடத் தர மாட்டார்கள். சட்டம் திருத்தப்பட்டு, 2016 ஆகஸ்ட் 1 முதல் கம்பெனியின் எல்லை சுவரில் இருக்கும் இணைப்புப் புள்ளியோடு முடிந்தது. அதற்கு இந்தப் பக்கம் என்ன பெட்டி வைப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம். லாகின் விவரத்தைக் கேட்காமலே தர வேண்டும்.

அதே 2016 நவம்பர் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? மிராய் என்ற தீய மென்பொருள் வகைத் தாக்குதல் ஒன்று ரவுட்டர்களின் தொலை நிர்வாக போர்ட் 7547-ஐத் தேடி வந்தது. டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு நெட் போயிற்று. தொலை நிர்வாகத்துக்காகத் திறந்து வைத்த வாசலில் வந்து மோதியதிலேயே ரவுட்டர்கள் முடங்கின. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி வாசல் என்றால் பாதிப்பும் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும்தான்.

பெரியவர்கள் வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு, சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே டீஃபால்ட் பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று விற்கும்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும், பொதுவாக ஐந்து வருடமாவது அப்டேட் தர வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டிஇசி 2021-ல் நுகர்வோர் ஐஓடிக்கு (இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களுக்கு) ஒரு பாதுகாப்பு நடைமுறைத் தொகுப்பு வெளியிட்டது. அது வழிகாட்டுதல் அளவில்தான் இருக்கிறது; கட்டாயம் ஆக வேண்டும் என்பது என் ஆசை.

பாலா, இந்த ஊரிலிருந்து அல்லது அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் வழியாக இசட்-வேவ் என்ற ரேடியோ முறையில் ஓடும் சாதனம் எதுவும் வரவழைத்துவிடாதீர்கள். இசட்-வேவ் ஒவ்வொரு நாட்டிலும் வேறு அலைவரிசை. இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 908. ஒன்று இன்னொன்றோடு பேசாது. ஜிக்பீ என்ற ரேடியோ முறை 2.4 கிகாஹெர்ட்ஸ், அது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தில்லைநகர் பாலா

நிறையப் புரிகிறது, நன்றி. ஃபைபர்காரன் சார், உங்கள் கோணத்தையும் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம்: மூளை வீட்டுக்குள் இருக்கட்டும், சரி. அந்த மூளையே கெட்டுப்போனால்? முக்கியமாக எனக்கு மோட்டார் விஷயம்தான் பயம். மேல் தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை.

கோவை அரவிந்த்

மோட்டார் என்றதும் ஓடி வந்தேன். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் திறந்த தரம் என்று பேசும் பலர் கேட்வேயின் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். அது கூடாதுங்க.

எங்கள் வீட்டில் போர் மோட்டார், சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள். சுவரில் வழக்கமான ஸ்டார்ட்டர் பெட்டி: பச்சை பட்டன், சிவப்பு பட்டன், உள்ளே காண்டாக்டர் (மோட்டாரின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), கெப்பாசிட்டர். இதை நான் மாற்றவே இல்லை. பச்சை பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே (சிக்னல் வந்தால் மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச்). சிவப்பு பட்டனுக்குத் தொடராக இன்னொரு ரிலே. முதல் ரிலே இரண்டு விநாடி மூடித் திறந்தால் விரலால் பச்சை பட்டனை அழுத்தின மாதிரி. இரண்டாவது ரிலே ஒரு கணம் திறந்தால் சிவப்பை அழுத்தின மாதிரி. மோட்டாரின் கரண்ட் ரிலே வழியாகப் போவதே இல்லை, காண்டாக்டரின் காயில் கரண்ட் மட்டும்தான். சின்ன ரிலே போர்டில் மோட்டாரை நேரடியாக மாட்டினால் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது. கரண்ட் போய் வந்தால் காண்டாக்டர் விழுந்துவிடும், தானாக மறுபடி ஓடாது. அந்தப் பாதுகாப்பும் அப்படியே இருக்கிறது. அம்மாவும் வழக்கம்போலப் பட்டனை அழுத்தலாம்.

இந்த இரண்டு ரிலேயையும் இயக்குவது ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டு, அதில் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள். இப்போது முக்கியமான இடம். தொட்டி நிரம்பியதும் நிறுத்து என்ற முடிவு அந்தப் போர்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கேட்வேயில் இல்லை. மேல் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச். அதன் ஒயர் நேராக இந்தப் போர்டுக்கு வருகிறது. வைஃபை போனாலும், கேட்வே செத்தாலும், ஃப்ளோட் தூக்கினால் மோட்டார் நின்றுவிடும். அதற்கு மேல், இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று ஒரு கெடுவும் போர்டில் உண்டு. ஃப்ளோட் சிக்கிக்கொண்டால் அது காப்பாற்றும். தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் கரண்ட் குறையும், அதைப் பார்த்து நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு ஸ்டார்ட்டரிலேயே தனியாக இருக்கிறது.

அப்படியானால் கேட்வேக்கு என்ன வேலை? எத்தனை மணிக்கு ஓட்டலாம், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, இன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியதா என்று போனுக்குச் சொல்வது. இது எல்லாம் வசதி. வசதி ஒரு நாள் இல்லாவிட்டால் பரவாயில்லை. தொட்டி வழிவதும் மோட்டார் கருகுவதும் அப்படி இல்லை. அதைக் கேட்வேயிடம் விடவே கூடாது, அது எவ்வளவு திறந்த தரமாக இருந்தாலும் சரி.

தொட்டி அளவு பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தால் ஒன்று கவனியுங்க. தண்ணீர் புகாத வகைக்கும் முகத்துக்கு முன் 20, 25 சென்டிமீட்டர் வரை குருட்டு இடம் இருக்கும். தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலே அவ்வளவு இடம் விட்டு உயர்த்தி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்பும்போதுதான் தப்புக் கணக்கு காட்டும்.

புதுவை நிலவன்

எல்லாம் சரி, இப்போது மேட்டர் என்ற பொதுத் தரம் வந்துவிட்டதே. பெட்டியில் அந்த முத்திரை இருந்தால் எந்த ஆப்பிலும் சேரும் என்கிறார்கள். அப்புறம் எதற்கு தனியாகக் கேட்வே, ராஸ்பெரி பை மாதிரிச் சின்னக் கணினி எல்லாம்? மேட்டர் சுவிட்சாக வாங்கிப் போட்டுவிட்டால் பாலாவின் பிரச்சினை முடிந்ததா?

ஜாவா ஜெயந்தி

முக்கால்வாசி முடிந்தது நிலவன், கால்வாசி பாக்கி. நான் முன்பு சொன்னேனே, பெட்டிக்கும் பல்புக்கும் நடுவே உள்ள பேச்சை ஓஎஸ்ஜிஐ மற்றவர்களிடம் விட்டுவிட்டது என்று. மேட்டர் பிடித்திருப்பது சரியாக அந்த இடத்தைத்தான். ஆப்பிள், கூகுள், அமேசான், ஜிக்பீ அலையன்ஸ் நான்கும் 2019 டிசம்பரில் கூட்டாக அறிவித்தார்கள். 2022 அக்டோபர் 4-ல் 1.0 வந்தது. ஐபிவி6 என்ற இணைய முகவரி முறை மேல் ஓடுகிறது. உத்தரவு வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகிறது, கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. ஒரே சாதனத்தைக் குறைந்தது ஐந்து வேறு வேறு அமைப்புகளில் ஒரே சமயத்தில் சேர்க்கலாம். அம்மாவுக்குக் குரல் ஸ்பீக்கர், பாலாவுக்கு ஹோம் அசிஸ்டன்ட், இரண்டுமே அதே சுவிட்சை இயக்கும். ஒன்றை விட்டு வெளியேறினால் மற்றது நிற்காது. பாலா டீலரிடம் கேட்ட கேள்விக்கு முதல் முறையாகப் பெரிய கம்பெனிகளே எழுத்தில் தந்த பதில் இது. நான் இதை மனதார வரவேற்கிறேன்.

பாக்கி என்ன? மேட்டர் சாதனம் இருந்தாலும் அதற்கு உத்தரவு தர ஒரு கன்ட்ரோலர் வீட்டில் வேண்டும். பேட்டரி சென்சார்கள் பெரும்பாலும் த்ரெட் என்ற குறைந்த மின்சக்தி ரேடியோவில் வருகின்றன, அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க பார்டர் ரவுட்டர் வேண்டும். ஆக, பெட்டி போகவில்லை. எந்தப் பெட்டி என்பதில் உங்களுக்கு உரிமை வந்திருக்கிறது. அப்புறம், ஆன், ஆஃப், வெளிச்சம் குறைப்பது போன்ற பொதுவான வேலைகள்தான் மேட்டரில் வரும். கம்பெனி தனியாகச் சேர்த்த வசதிகள் இன்னமும் அவர்கள் ஆப்பில்தான். ஃபேன்களும் ரூம் ஏசியும் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில்தான் சேர்ந்தன, நம் ஊர் வீட்டுக்கு அவைதான் முதலில் வேண்டும்.

அதனால் என் சிபாரிசு: ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் ஒரு சின்னக் கணினி, அதில் ஒரு ஜிக்பீ டாங்கிள் (ஜிக்பீ ரேடியோவுக்காகச் செருகும் சின்னக் குச்சி). புதிதாக வாங்கும் சுவிட்ச் மேட்டராக இருக்கட்டும். மலிவான கதவு சென்சார், வெப்பநிலை சென்சார் எல்லாம் ஜிக்பீயில் இருக்கட்டும். டாங்கிளை நிர்வகிக்க ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருளைப் போட்டால், டாங்கிள் கெட்டாலும் கவலையில்லை. நெட்வொர்க் சாவி முதற்கொண்டு ஒரு பேக்கப் கோப்பில் சேமித்துவிடும். அதே குடும்பச் சிப் உள்ள புது டாங்கிளில் அதை ஏற்றினால், சாதனங்களை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்காமலே வீடு பழையபடி எழுந்து நிற்கும்.

ஹோம் அசிஸ்டன்ட் 2013-ல் பவுலுஸ் ஸ்கௌட்சன் பைத்தானில் எழுதத் தொடங்கியது. 2024 ஏப்ரலிலிருந்து ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து விலை பேசி வாங்கி மூடிவிட முடியாதபடி வைத்திருக்கிறார்கள். மேலே ரிவால்வ் கதையைப் படித்தவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்று தெரியும். ஓஎஸ்ஜிஐ பக்கத்து ஆளான நானே புதியவர்களுக்கு ஓப்பன்ஹாப்பைவிட இதைச் சொல்வது, சாதன ஆதரவும் உதவி கேட்க ஆளும் அதிகம் என்பதால்தான்.

ஃபைபர்காரன்

மேட்டர் போடுபவர்களுக்கு லைன் பக்கத்திலிருந்து ஒரு தகவல். மேட்டருக்கு ஐஎஸ்பி தரும் ஐபிவி6 தேவையில்லை, வீட்டுக்குள் ஐபிவி6 ஓடினால் போதும். ஆனால் சில ஓஎன்டி பெட்டிகளில் (நாங்கள் வீட்டில் வைக்கும் ஃபைபர் மோடம்) வைஃபைக்கும் லேன் ஒயருக்கும் நடுவே மல்டிகாஸ்ட், அதாவது சாதனங்கள் ஒன்றையொன்று தேடப் பொதுவாக அனுப்பும் செய்தி, சரியாகப் போகாது. சுவிட்ச் சேரும், கொஞ்ச நேரத்தில் "பதில் இல்லை" என்று காட்டும். ஆட்கள் சுவிட்ச் மேல் பழி போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லிக் கேளுங்கள், அப்போது அது லைனை மட்டும் கடத்தும், ரவுட்டர் வேலையை உங்கள் பெட்டி செய்யும். பல இடங்களில் செய்து தருவார்கள். லைனில் லாகின் செய்யும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் வாங்கிக்கொண்டு உங்கள் சொந்த ரவுட்டரில் போடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர் என்றால் இன்னும் நல்லது, ஸ்மார்ட் சாதனங்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்தும் வைக்கலாம்.

முகில் சொன்ன சம்மதம் என்ற விஷயத்தை ஏற்கிறேன். லைன் எங்கள் பொறுப்பு, வீட்டுக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு. கேட்பவருக்கு மட்டும் உள்ளேயும் பார்த்துக்கொள்கிறோம் என்று இருந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

மின்வாசகன்

தம்பி பாலா, எல்லோரும் பெட்டியைப் பற்றிப் பேசிவிட்டார்கள். நான் ஒயரிங் ஆள், ஈரோட்டில் இதுதான் தொழில். சுவரை மூடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியைப் பத்து வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம், சுவரை உடைக்க முடியாது.

எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் கொண்டு போகச் சொல்லுங்கள். ப்ளக் இருக்கும் போர்டில் எப்படியும் நியூட்ரல் வந்திருக்கும். பிரச்சினை மாடிப்படி, கட்டில் பக்கத்து டூ-வே சுவிட்ச் இங்கேதான். அங்கே பேஸும் ரிட்டனும் மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்மார்ட் மாட்யூலுக்குத் தானே உயிரோடு இருக்க நியூட்ரல் வேண்டும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், அதையும் மெயின் லைன் நியூட்ரலையும் ஒரு போர்டில் கலக்க விடாதீர்கள். கலந்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணம் தெரியாமல் விழும்.

கண்ணாடி டச் பேனல் வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண மாடுலர் சுவிட்சே போடுங்கள், அதன் பின்னால் பெட்டிக்குள் ரிலே மாட்யூலை வையுங்கள். சுவிட்ச் ஒயர் மாட்யூலின் உள்ளீட்டில் போகும். அம்மா சுவிட்சைத் தட்டினால் லைட் எரியும், போனில் தட்டினாலும் எரியும். ஹப் இல்லாவிட்டாலும் சுவிட்ச் வேலை செய்யும். மாட்யூலே கெட்டால் எந்த எலக்ட்ரீஷியனும் அதைக் கழற்றிவிட்டு நேராக ஜாயின்ட் போட்டுக் கொடுப்பார், வீடு பழைய வீடாக ஓடும். டச் பேனல் கெட்டால் அதே கம்பெனி அதே அளவில் இன்னும் செய்கிறதா என்று தேட வேண்டும். மாட்யூல் உட்கார ஆழமான மெட்டல் பெட்டி வாங்கச் சொல்லுங்கள்.

பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) போடுவதாக இருந்தால் அதற்கு ரெகுலேட்டரோ டிம்மரோ கொடுக்கக் கூடாது. நேர் சப்ளை, வேகத்தை ரிமோட் சிக்னலில்தான் மாற்ற வேண்டும். நெட்வொர்க் ஒயர், சென்சார் ஒயர் எல்லாம் தனி பைப்பில் போகட்டும், 230 வோல்ட்டோடு ஒரே பைப்பில் திணிக்க விடாதீர்கள். ஓஎன்டி, ரவுட்டர், கேட்வே மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி வீட்டின் நடுவில் ஒரு சின்ன அலமாரி விடுங்கள், காற்றோட்டத்தோடு. அங்கே இன்வெர்ட்டர் லைனில் இரண்டு ப்ளக்.

கேஎன்எக்ஸ் பற்றியும் கேட்டீர்கள். பச்சை ஒயர் இழுத்து, 500-க்கு மேற்பட்ட கம்பெனிகளின் சாமான்களை ஒன்றோடொன்று மாட்டக்கூடிய உண்மையான திறந்த தரம். ரேடியோ தொல்லையே இல்லை. நான் வேலை பார்த்த இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் விலை அதிகம், ப்ரோகிராம் செய்யக் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்க வேண்டும், தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிய பங்களாவுக்கும் ஹோட்டலுக்கும் சரி. உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கோவை அரவிந்த்

மின்வாசகன் அண்ணன் சொன்ன அலமாரிக்கு இரண்டு சேர்க்கை. ஜிக்பீ டாங்கிளைக் கணினியின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகாதீங்க. அந்தப் போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். பக்கத்து அறை சென்சார்கூட அறுந்து போகும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் போட்டுத் தள்ளி வைத்தாலே பல பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்தது, ராஸ்பெரி பையை மெமரி கார்டில் ஓட்டாதீங்க. நம் ஊர் கரண்ட் போய் வருகிற வேகத்துக்குக் கார்டு கெட்டுவிடும். எஸ்எஸ்டி போடுங்க, பேக்கப்பை வேறு இடத்தில் வையுங்க.

முனிச் முகில்

மேட்டர் சாதனம் ஒவ்வொன்றின் மேலும் க்யூஆர் கோடும் 11 இலக்க எண்ணும் இருக்கும். மாட்யூலைச் சுவர்ப் பெட்டிக்குள் தள்ளுவதற்கு முன் அதைப் படம் எடுத்து, எந்த அறை எந்த சுவிட்ச் என்று எழுதி வைத்துவிடுங்கள். கேட்வே மாற்றும்போது அந்த எண் தேவைப்படலாம். அப்போது போர்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

தில்லைநகர் பாலா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். டீலருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாதாரண சுவிட்ச், பின்னால் மாட்யூல். முதலில் கூடம், மாடிப்படி, வாசல் லைட் மட்டும். மற்ற பெட்டிகளில் நியூட்ரலும் ஆழமும் தயாராக இருக்கும், பிறகு சேர்த்துக்கொள்வேன். ஹோம் அசிஸ்டன்ட், ஜிக்பீ டாங்கிள், சொந்த ரவுட்டர். மோட்டார் அரவிந்த் சொன்ன மாதிரியே, ஸ்டார்ட்டரைத் தொடாமல். ஃபைபர்காரன் சார், பிரிட்ஜ் மோடு கேட்டு இன்றே புகார் எண் வாங்கியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழே ஸ்டார்ட்டர் வரை ஃப்ளோட் ஒயர் போக பைப் விட வேண்டும். நாளை காலை மேஸ்திரி கேட்பார். எத்தனை எம்எம்? தண்ணிக் குழாயோடு சேர்ந்தே இறக்கலாமா?

மின்வாசகன்

25 எம்எம் போதும் தம்பி. தண்ணிக் குழாய் இறங்கும் டக்டிலேயே இறக்கலாம், ஆனால் தனி பைப். மேல் முனையை யு மாதிரி வளைத்துக் கீழே பார்க்க விடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே போகாது. வளைவுகளில் எல்போ வேண்டாம், நீளமான பெண்டு போடட்டும்.

கோவை அரவிந்த்

நான்கு கோர் ஒயர் இழுங்க, இரண்டு ஃப்ளோட்டுக்கு, இரண்டு உபரி. பைப்புக்குள் ஒரு நைலான் கயிறும் விட்டு இரண்டு முனையிலும் கட்டி வையுங்க. பின்னால் சென்சார் ஒயர் இழுக்க அது வேண்டும்.